ஆன்லைன் எம்.பி.ஏ.: பழைய கிரெடிட் கட்டணத்தைக் குறைக்குமா?

"உங்க பழைய கிரெடிட் எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார். இன்னைக்கே ஐயாயிரம் கட்டி சீட்டை புக் பண்ணிடுங்க."

ஆன்லைன் எம்.பி.ஏ. பற்றி இணையத்தில் விசாரித்துக் கைபேசி எண்ணைப் பதிந்தவர்களுக்கு இப்படி அழைப்பு வருவது வழக்கமாகிவிட்டது. பாதியில் நின்றுபோன மேல்படிப்போ, வேலைக்கு நடுவே எழுதித் தேறிய ஆன்லைன் தேர்வோ வீணாகாது என்று கேட்டதும் மனம் இளகத்தான் செய்யும். ஆனால், அட்ஜஸ்ட் செய்யும் அதிகாரம் அழைப்பவரிடம் இல்லை. கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். அது ஏற்றுக்கொண்டாலும் கட்டணம் தானாகக் குறைந்துவிடாது. இந்த இரண்டையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

கிரெடிட் எங்கே சேர்கிறது?

ஒரு பாடத்துக்காக மாணவர் செலவிடும் உழைப்பின் அளவே கிரெடிட். தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். நான்கு கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம்.

இப்படிச் சேரும் கிரெடிட்டைப் பதிந்து வைக்க, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021 ஜூலையில் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' விதிமுறைகளை வெளியிட்டது. சுருக்கமாக ஏபிசி. டிஜிலாக்கர் வழியாக இதில் கணக்குத் தொடங்கலாம். 12 இலக்க எண் கிடைக்கும். தேர்வில் தேறியதும் கல்வி நிறுவனம் கிரெடிட்டைக் கணக்கில் ஏற்றும். மாணவர் தன் மதிப்பெண் பட்டியலைத் தானே பதிவேற்றிக் கிரெடிட் பெற முடியாது. பழைய கல்லூரி ஏற்றவில்லை என்றால், முதலில் தட்ட வேண்டிய கதவு அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவுதான்.

எது செல்லும், எது செல்லாது?

2021-22 கல்வியாண்டு முதல் ஈட்டிய கிரெடிட்டுகளே ஏபிசியில் செல்லும். அதற்கு முன்பு படிப்பை நிறுத்தியவர்கள் இந்த வழியை நம்ப முடியாது. ஈட்டிய கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். ஒரு பட்டத்துக்கு ஒருமுறை பயன்படுத்திவிட்டால் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிடும். இன்னொரு பட்டத்துக்கு அதையே காட்ட முடியாது. பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீதக் கிரெடிட்டையாவது ஈட்ட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மீதிப் பாதியும் உரிமையாகக் கிடைத்துவிடாது. பாடத்திட்டம், பாடத்தின் நிலை, பெற்ற கிரேடு எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்த்தே பல்கலைக்கழகம் ஏற்கும்.

மத்திய அரசின் ஸ்வயம் தளப் பாடங்களுக்குத் தனி விதி உண்டு. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்வி நிறுவனம் அனுமதிக்கலாம். இங்கும் 'அனுமதிக்கலாம்' என்பதே நிலை. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு தேர்வு எழுதுவதே புத்திசாலித்தனம். தனியார் கற்றல் தளங்களின் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஏபிசி கணக்கில் ஏறுவதில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் அவை உதவலாம். பட்டக் கணக்கில் அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

மூன்று பல்கலைக்கழகம், மூன்று கணக்கு

நூறு கிரெடிட் கொண்ட எம்.பி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் 16 கிரெடிட் இருக்கிறது.

முதல் பல்கலைக்கழகம் பருவத்துக்கு 50,000 ரூபாய் வாங்குகிறது. நான்கு பருவத்துக்கு 2 லட்சம். உங்கள் 16 கிரெடிட்டை ஏற்கிறது. ஆனால் பருவக் கட்டணத்தில் மாற்றமில்லை. அதாவது, மீதமுள்ள 84 கிரெடிட்டுக்கு 2 லட்சம். ஒரு கிரெடிட் ஏறக்குறைய 2,380 ரூபாய்.

இரண்டாவது, எந்தக் கிரெடிட்டையும் ஏற்காது. மொத்தக் கட்டணம் 1,20,000. ஒரு கிரெடிட் 1,200 ரூபாய்.

மூன்றாவது, பாடவாரியாகக் கட்டணம் வாங்குகிறது. நான்கு கிரெடிட் பாடம் 6,000 ரூபாய். 25 பாடங்களில் நான்கை விட்டுவிட்டு 21 பாடங்களுக்கு 1,26,000 கட்டினால் போதும்.

கிரெடிட்டை ஏற்கும் முதல் இடம்தான் மூன்றிலும் அதிகச் செலவு வைக்கிறது. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். மூன்றாவதில் 6,000 ரூபாய் கூடுதல். பதிலுக்கு 480 மணி நேரப் படிப்பு மிச்சம். வேலை, குழந்தைகள், வயதான பெற்றோர் என்று ஓடுகிறவருக்கு அந்த 480 மணி நேரம் 6,000 ரூபாயைவிடப் பெரிது. நேரம் இருந்து பணம் இறுக்கமாக இருப்பவருக்கு இரண்டாவதே சரி.

இந்தக் கணக்கில் விளம்பரத்தில் வராத செலவுகளையும் சேர்க்க வேண்டும்: பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், அரியர் எழுதக் கட்டணம், புராஜெக்ட் கட்டணம், கிரெடிட் மாற்ற விண்ணப்பக் கட்டணம், காலம் நீட்டித்தால் மறுபதிவு. 'வட்டியில்லா இஎம்ஐ' என்றால் அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. ஒரே தொகையாகக் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள்; வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன்

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பருவத்தில், அந்த எம்.பி.ஏ. படிப்பை ஆன்லைனில் நடத்த அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இந்தப் பட்டியல் உண்டு. அனுமதி பெற்ற படிப்பு என்றால், வழக்கமான முறையில் பெற்ற பட்டத்துக்கு இணையாகவே அது கருதப்படும். சேர்க்கைக்கு 'டெப் ஐடி' என்ற தனி எண் 2024 முதல் கட்டாயம். ஏபிசி எண்ணைக் கொடுத்து அதை மாணவரே உருவாக்க வேண்டும். இடைத்தரகரிடம் ஓடிபி சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் எம்.பி.ஏ. என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட் ஏற்கப்படும், கட்டணத்தில் எவ்வளவு குறையும், எந்தப் பருவத்தில் கழியும் என்ற மூன்று கேள்விகள் போதும். பாடக் குறியீட்டுடன் எழுத்தில் பதில் வந்தால் அதை நம்பிக் கணக்குப் போடலாம். பதில் வரவில்லை என்றால் கிரெடிட் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களோடு ஒப்பிடுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள்.

ஆன்லைன் படிப்புகளுக்கு ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை உண்டு. பதில் வருவதற்குள் கடைசி நாள் முடிந்துவிட்டால் அடுத்த பருவத்தில் சேரலாம். பல மாதச் சம்பளத்தை ஒரு பட்டத்தில் போடுகிறவர், அதற்காக ஆறு மாதம் காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.