காற்றுக்கு விலையில்லை, காற்றாலைக்கு விலையுண்டு

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை இந்நாட்டு மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். அன்று நீர்த்தேக்கங்களின் மட்டம் தாழ்ந்திருந்தது உண்மையே. ஆயினும், எண்ணெய் வாங்குவதற்கு நாட்டின் கையிருப்பில் டொலர் இல்லாமற் போனமையே இருளுக்குப் பிரதான காரணமாயிற்று. மின்பிறப்பாக்கிகள் இருந்தன, அவற்றை இயக்குவதற்கான எரிபொருள்தான் இருக்கவில்லை.

எரிபொருளை இறக்குமதி செய்து மின்சாரம் பெறும் நாடு, தன் வீட்டு விளக்கின் திரியை உலக சந்தையின் கையில் ஒப்படைத்திருக்கின்றது. சூரியன், காற்று ஆகியவற்றின் பக்கம் திரும்புவது சுற்றாடலைப் பாதுகாப்பதற்கான முயற்சி மட்டுமன்று. அது நாட்டின் வரவு செலவுக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடைய விடயமுமாகும்.

புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 2011 க்கும் 2014 க்கும் இடையில் மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் மொத்தக் கொள்ளளவு 900 மெகாவொட் ஆகும். இதற்கு வருடாந்தம் சுமார் 22 இலட்சம் தொன் நிலக்கரி தேவைப்படுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அப்பகுதிக் கடல் கொந்தளிப்பதால், ஆண்டு முழுவதற்குமான நிலக்கரியைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்குள் இறக்கிவிட வேண்டும். அம்மாதங்களில் டொலர் கிடைக்காவிடின் அடுத்த மாதங்களில் நெருக்கடி நிச்சயம். உக்ரேன் யுத்தம் மூண்ட 2022 இல் உலக சந்தையில் நிலக்கரி தொன்னொன்றின் விலை 400 டொலரையும் தாண்டியது. நிலக்கரித் தூசு, சாம்பல் ஆகியவை குறித்து அயற்கிராம மக்கள் நீண்டகாலமாக முறையிட்டு வருகின்றனர். அவர்கள் சுமக்கும் செலவு எவருடைய மின் கட்டணப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

காற்றாலையின் கணக்கு இதற்கு நேர்மாறானது. எரிபொருள் மின்சாரம் வாடகை வீட்டைப் போன்றது. தொடக்கச் செலவு குறைவு. ஆனால் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும், உரிமையாளர் நினைத்தவுடன் வாடகையை உயர்த்தவும் செய்வார். காற்றும் சூரியனும் கடன் பெற்றுக் கட்டிய சொந்த வீட்டைப் போன்றவை. செலவின் பெரும் பகுதி முதல் நாளிலேயே வந்துவிடும்; பின்னர் எரிபொருளுக்கென ஒரு சதமும் செலவில்லை. ஆகவே இங்கு மின்சாரத்தின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது எந்த வட்டிக்குக் கடன் கிடைக்கின்றது என்பதேயாகும். 2010 முதல் 2023 வரையான காலத்தில் சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு உலகளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வீழ்ச்சியடைந்தது. ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்திய ஒரு நாடு குறைந்த வட்டியில் கடன் பெறுவது எளிதன்று. மன்னாரில் 103.5 மெகாவொட் கொள்ளளவுடன் அமைக்கப்பட்டு 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைத் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடனேயே சாத்தியமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

விலையைத் தீர்மானிக்கும் இரண்டாவது விடயம் போட்டியாகும். மன்னார், பூநகரி பகுதிகளில் 484 மெகாவொட் காற்றாலைகளை அமைக்க முன்வந்த இந்தியாவின் அதானி நிறுவனத்திடமிருந்து, அலகொன்றை 8.26 அமெரிக்க சதத்திற்கு 20 ஆண்டுகளுக்கு வாங்குவதற்கு 2024 மே மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. பகிரங்கக் கேள்விப்பத்திரமின்றி முன்னெடுக்கப்பட்ட இத்திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதற்கிடையில், மன்னாரிலேயே 50 மெகாவொட் காற்றாலைக்காகக் கோரப்பட்ட கேள்விப்பத்திரத்தில் உள்நாட்டு நிறுவனமொன்று அலகொன்றுக்கு 4.65 சதம் என்ற விலையை முன்வைத்துத் தெரிவாகியது. இரு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறுபட்டவை என்பதைக் கருத்திற்கொண்டாலும், ஒவ்வொரு பத்து இலட்சம் அலகுக்கும் ஏற்படும் 36,100 டொலர் வித்தியாசம் புறக்கணிக்கத்தக்கதன்று. வீசுவது அதே மன்னார்க் காற்றுத்தான்; கேட்கும் முறை மாறியபோது விலையும் மாறியது.

மூன்றாவது விடயம் நேரம். சூரியன் நண்பகலில் தாராளமாகத் தருகின்றது. மக்களோ மாலை ஆறரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையிலேயே அதிக மின்சாரத்தைப் பாவிக்கின்றனர். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டமை நினைவிருக்கலாம். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்ட கோளாறே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது நகைப்புக்கிடமாயிற்று. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்த முற்பகல் வேளை. அத்தகைய வேளையில் சிறு அதிர்வையும் தாங்கும் வலு மின்கட்டமைப்பிற்கு இருக்கவில்லை என்பதே கவனிக்கப்பட வேண்டியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியோர் பிற்பகல் மூன்று மணி வரை அவற்றை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பகலில் மின்சாரத்தை வீணாக்கிவிட்டு இரவில் டீசலை எரிப்பதைவிடப் பெரிய விரயம் வேறில்லை. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாரிய மின்கலத் தொகுதிகளும், பகலில் நீரை மேலேற்றி இரவில் விழச்செய்து மின்னுற்பத்தி செய்யும் மஹா ஓயா போன்ற திட்டங்களும் இனியும் தாமதிக்கப்படலாகாது. 2030 இல் 70 சதவீத மின்சாரத்தை மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்களிலிருந்து பெறுவது என்ற இலக்கு, சேமிப்பு இல்லாவிடின் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

இக்கணக்குகள் அனைத்தும் கொழும்பிலிருந்து போடப்படுபவை. மன்னார்த் தீவில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களிடம் வேறொரு கணக்கு உண்டு. காற்றாலைகளும் அவற்றுக்கான பாதைகளும் மழைநீர் வடிந்தோடுவதைத் தடுக்கின்றன என்றும், கரைவலை மீன்பிடி பாதிக்கப்படுகின்றது என்றும் அவர்கள் முறையிடுகின்றனர். கடல் கடந்து வரும் வலசைப் பறவைகளுக்கு மன்னார் புகலிடம் என்பதும், அண்மையிலுள்ள வங்காலைச் சரணாலயம் ராம்சார் பிரகடனத்திற்கு உட்பட்ட ஈரநிலம் என்பதும் யாவரும் அறிந்தவை. 2025 ஓகஸ்ட்டில் மக்கள் வீதிக்கிறங்கிப் போராடியதையடுத்து வேலைகள் ஒரு மாத காலத்திற்கு இடைநிறுத்தப்பட்டன. அவர்களை அபிவிருத்தியின் எதிரிகளாகச் சித்திரிப்பது நியாயமாகாது. தமது மண்ணில் உற்பத்தியாகும் மின்சாரத்தினால் நாடு இலாபமடைய, இழப்பை மாத்திரம் தாம் சுமப்பதா என்றே அவர்கள் கேட்கின்றனர்.

தாமதத்திற்கும் விலையுண்டு. மக்களைக் கேளாமல் ஆரம்பிக்கப்படும் திட்டம் நடுவழியில் நிற்கும்போது கடனுக்கான வட்டி நிற்பதில்லை. ஆகவே, வெள்ள வடிகாலைச் சீரமைத்தல், இடத்தெரிவில் மக்களின் சம்மதத்தைப் பெறுதல், வருமானத்தில் ஒரு பங்கை அப்பிரதேசத்திற்கே ஒதுக்குதல் என்பன சலுகைகள் அல்ல; அவை திட்டச் செலவின் ஓர் அங்கமாகவே கணிக்கப்பட வேண்டும்.

நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் விடுபட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. காற்றும் வெயிலும் இயற்கை நமக்கு இலவசமாக வழங்கியவை. அவற்றை மின்சாரமாக்குவதற்கு நேர்மையான கேள்விப்பத்திரமும், முன்யோசனையுடனான சேமிப்பும், மண்ணின் மைந்தர்களுக்கு உரிய மதிப்பும் அவசியம். இவற்றிற்குரிய விலையை இன்று கொடுக்கத் தயங்கினால், நாளை அதைவிடப் பன்மடங்கை டொலரிலும் இருளிலும் செலுத்த நேரிடும் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்து செயற்பட வேண்டும்.