சீனியும் நாமும் – 9: வலிக்காத கால்

சென்ற கிழமை கண்ணைப் பார்த்தோம். இந்தக் கிழமை கால்.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பணி செய்வித்தது. மத்தியான வெயிலில் சூடேறிய கல்லில் வெறுங்காலை வைத்தால், மற்றவர்கள் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். பல வருடமாகச் சீனி கூடிக் கிடந்தவரோ ஆறுதலாக நடப்பார். பக்தி என்று நினைப்போம். பாதத்துக்குச் சூடு தெரியவில்லை, அவ்வளவுதான். கொப்புளத்தை அவர் காண்பது இரவில். ஆடிவேல் ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் இதே கதைதான்.

கூடிய சீனி நரம்பைக் கெடுக்கும். முதலில் விரல்கள்தான் விறைக்கும். வியர்வை நின்று தோல் காயும், குதிக்கால் வெடிக்கும். இரத்த ஓட்டமும் குறைந்தால் சின்னப் புண்கூட ஆறாது.

வலியில்லாத காலின் ஆபத்தை உலகுக்கு விளங்கவைத்தவர்களில் ஒருவர் கொல்லிமலையில் பிறந்த டொக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப் போவதால் அடிபட்டும் சுட்டும் தேய்ந்தும்தான் அழிகின்றன என்று காட்டினார். அவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் செருப்புகளையும் செய்வித்தார். பின்னர் அமெரிக்காவில் அதே அறிவு நீரிழிவுக் காலுக்கும் பயன்பட்டது.

உங்கள் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா? இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லை. கண்ணை மூடிப் படுங்கள். பேரப்பிள்ளை சுட்டுவிரல் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் என்று இரண்டு காலிலும் ஆறு இடங்களை மாற்றி மாற்றி, ஒன்றிரண்டு வினாடி மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் ‘வலது’, ‘இடது’ என்று சொல்லுங்கள். இரண்டு இடமோ அதற்கு மேலோ தவறினால் கிளினிக்கில் சொல்லிக் காட்டுங்கள்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வையுங்கள். கழுவினால் விரலிடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. கிறீம் குதிக்காலுக்கு, விரலிடுக்குக்கு அல்ல. ஆணிக்காலைப் பிளேட்டால் சீவுவதும், பாமசியில் வாங்கிய பிளாஸ்டரை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டரிலுள்ள அமிலம் நல்ல தோலையும் தின்னும். வெள்ளவத்தை மாடிவீட்டு ‘டைல்ஸ்’ தரையிலும் செருப்போடு நடவுங்கள். விறைத்த காலில் பாட்டா கழன்று போனாலும் தெரியாது. பின்வார் உள்ளதே நல்லது. சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கல்லோ ஆணியோ கிடக்கலாம்.

கோயிலுக்கு விடியவோ பொழுதுபட்ட பிறகோ போங்கள். காலுறையோடு உள்ளே வரலாமா என்று குருக்களிடம் கேட்டுப் பாருங்கள். சாமி கோபிக்கமாட்டார் என்பது என் கட்சி.

புண், கொப்புளம், நிறமாற்றம், ஒரு கால் மட்டும் சூடாகி வீங்குவது, இதில் எதைக் கண்டாலும், வலி துளியும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.