தசரதர் தந்த சம்மதமும் அடையாற்றில் இட்ட கையெழுத்தும்

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்குவோருக்கு ஒருபுறம் விமான நிலையம் தெரியும்; மறுபுறம் மலைகளின் நடுவே திரிசூலநாதர் ஆலயம் அமைந்திருக்கிறது. அயல்நாடு புறப்படும் முன் இப்பெருமானை வணங்கிச் செல்லும் குடும்பங்கள் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் உண்டு. கோடை விடுமுறை வந்தால் இத்தகைய பயணங்கள் பெருகுகின்றன. பத்துமலை முருகனைத் தரிசிக்கச் செல்லும் பெரியப்பா, தம்பி மகளையும் உடன் அழைக்கிறார். சிங்கப்பூர் செல்லும் அடுத்த வீட்டார், தம் மகனின் தோழனையும் சேர்த்துக்கொள்கின்றனர். "உங்கள் பிள்ளை மாதிரிதானே, அழைத்துக்கொண்டு போங்கள்" என்ற ஒரு சொல்லோடு பெற்றோரின் சம்மதம் முடிந்துவிடுகிறது.

அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது. ஆயினும் பிறர் பெற்ற பிள்ளையைக் கடல் கடந்து அழைத்துச் செல்வதற்கு அது போதுமா?

பத்து இரவுகளுக்கு ஒரு வேண்டுகோள்

பிறர் பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி கேட்ட நிகழ்ச்சி ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். விசுவாமித்திர முனிவர் அயோத்திக்கு வந்து, இராமனைத் தம்முடன் அனுப்புமாறு தசரதரிடம் கேட்டார். வான்மீகியின் பாலகாண்டத்தில் அந்த வேண்டுகோளைக் கூர்ந்து நோக்கினால் அதன் தெளிவு புலப்படும். எதற்காக? வேள்வியைக் காக்க. யாரிடமிருந்து? மாரீசன், சுபாகு ஆகிய அரக்கரிடமிருந்து. எத்தனை காலம்? பத்து இரவுகள்.

தசரதர் உடனே இசையவில்லை. இராமனுக்கு இன்னும் பதினாறு வயது நிறையவில்லை என்றார். படையுடன் தாமே வருவதாகவும் சொன்னார். வசிட்டர் எடுத்துரைத்த பிறகே அவர் மனம் தெளிந்தது. தாயும் தந்தையும் வாழ்த்த, குலகுரு மங்கள மந்திரம் ஓத, தசரதர் மைந்தனின் உச்சி முகந்து முனிவரிடம் ஒப்படைத்தார். ஐயத்தை மறைக்காமல் கேட்டு, விடை பெற்று, மனம் ஒப்பித் தந்த சம்மதம் அது.

மிதிலையில் வில் முறிந்ததும் திருமணம் என்ற புதிய நிலை எழுந்தது. வேள்விக்காகப் பெற்ற அனுமதி திருமணத்திற்கும் செல்லும் என்று யாரும் கொள்ளவில்லை. சனகரின் தூதர்கள் மூன்று இரவுகள் பயணம் செய்து அயோத்தியை அடைந்தார்கள். தசரதர் நேரில் வந்தார். தந்தையின் கருத்தை அறியும் முன் இராமன் தன்னை ஏற்கவில்லை என்று பின்னாளில் சீதையே அனசூயையிடம் கூறுகிறாள்.

அடையாற்றுத் தந்தை

இந்தத் தெளிவு இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நம் சென்னையின் தென்பகுதியிலேயே ஒரு வரலாறு உண்டு.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாராயணையா, 1909ஆம் ஆண்டு தம் புதல்வர்களுடன் அடையாறு வந்து, பிரம்மஞான சபையில் பணியேற்றார். பிள்ளைகளின் தாய் 1905இலேயே காலமாகிவிட்டார். புதல்வர்களில் ஒருவர், பின்னாளில் உலகறிந்த சிந்தனையாளரான ஜே. கிருஷ்ணமூர்த்தி, அவருக்கு இளையவர் நித்யானந்தா. கிருஷ்ணமூர்த்தியிடம் உலக குருவாகும் தகுதி இருப்பதாகச் சபையின் தலைவர்கள் நம்பினர். 1910 மார்ச்சில், இரு சிறுவருக்கும் காப்பாளராக இருக்கச் சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாருக்கு அதிகாரம் தந்து நாராயணையா கையெழுத்திட்டார். அப்போது மூத்தவருக்கு வயது 14, இளையவருக்கு 11.

1911இல் சிறுவர்கள் முதன்முறையாக இங்கிலாந்து சென்று திரும்பினர். 1912 தொடக்கத்தில், கல்விக்காக அவர்களை மீண்டும் அழைத்துச் செல்லவும் தந்தை எழுத்தில் இசைவு தந்தார். ஆனால் சபையின் முக்கியஸ்தரான லெட்பீட்டருடன் தம் பிள்ளைகள் பழகுவதை அவர் விரும்பவில்லை. அவ்வாண்டிலேயே சிறுவர்கள் இத்தாலியில் லெட்பீட்டருடன் தங்கினர். தந்தையின் உள்ளம் பொறுக்கவில்லை. தாம் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்று, 1912 அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அடையாறும் தாம்பரமும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை.

வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக சி.பி. இராமசாமி ஐயர் வாதாடினார்; அன்னி பெசன்ட் தமக்காகத் தாமே வாதாடினார். சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

கடல் கடந்த பின்

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கின்றனர். பிள்ளைகளின் காப்பாளராக இருப்பது தந்தைக்குரிய புனிதமான பொறுப்பு; தம் வாழ்நாளில் அந்த இடத்தில் மற்றொருவரை அமர்த்திவிட அவரால் இயலாது. வளர்ப்பையும் கல்வியையும் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் திரும்பப் பெறத்தக்கது. பிள்ளைகளின் நலன் வேண்டினால், எந்த ஒப்பந்தம் இருந்தாலும் தந்தை அதை மீட்டுக்கொள்ளலாம். இவ்வாறு கொள்கையில் நாராயணையாவின் பக்கமே நியாயம் நின்றது.

ஆயினும் அவர் தோற்றார். சிறுவர்கள் இங்கிலாந்தில் வசிக்கின்றனர். செங்கற்பட்டு எல்லைக்குள் வசிக்கவில்லை. ஆகவே அந்நீதிமன்றத்திற்கு இவ்வழக்கை ஏற்க அதிகாரமில்லை என்று பிரிவி கவுன்சில் கூறியது. சிறுவர்களின் நலனும் விருப்பமும் முறையாக ஆராயப்படவில்லை என்றும், தந்தை நாடவேண்டியது இங்கிலாந்து நீதிமன்றத்தையே என்றும் சுட்டியது. உரிமை தந்தையிடம் இருந்தது. பிள்ளைகளோ அவர் கைக்கு எட்டாத தொலைவில் இருந்தனர். நித்யானந்தா 1925இல், தம் 27ஆம் வயதில் கலிபோர்னியாவில் காலமானார்.

இதில் எவரையும் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. அன்னி பெசன்ட் அம்மையார் அச்சிறுவர்களிடம் பேரன்பு கொண்டவர் என்பதை வரலாறு அறியும். அழைத்துச் செல்பவரிடம் அன்பு இருந்தும், சம்மதத்தின் எல்லை தெளிவாக இல்லாவிடில் இரு தரப்பும் வருந்த நேரும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இன்று நாம் செய்ய வேண்டுவன

ஒரு வாரச் சுற்றுலாவே ஆயினும், பெற்றோர் ஒப்புதல் கடிதம் எழுதித் தருவது நலம். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். அழைத்துச் செல்பவரின் பெயர், பாஸ்போர்ட் எண், உறவு. செல்லும் நாடுகள், தங்கும் முகவரி, புறப்படும் நாள், திரும்பும் நாள். பெற்றோரின் தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்பதையும் எழுதுக. தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரியின் சான்று பெற்று, பிறப்புச் சான்றிதழின் நகலை இணைப்பது நன்று. பெற்றோரில் ஒருவர் வளைகுடா நாட்டில் பணிபுரிந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தம் கையெழுத்துக்குச் சான்று பெற்று அனுப்பலாம். பிரிந்து வாழும் பெற்றோர் எனில், பிள்ளை யார் பொறுப்பில் உள்ளது என்ற நீதிமன்ற ஆணையின் நகலும் தேவைப்படலாம்.

ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளும் பிரிட்டனும், பெற்றோரின்றி வரும் சிறாருக்கு விசா வழங்கும்போதே எழுத்து வடிவிலான ஒப்புதலைக் கேட்கின்றன. பிற நாடுகளின் குடியேற்ற அதிகாரிகளும் கேட்கக்கூடும். நள்ளிரவில் அயல்நாட்டு விமான நிலையத்தில் ஒரு சிறுமி தனியே நிறுத்தி விசாரிக்கப்படுவதை இந்த ஒரு தாள் தவிர்க்கலாம்.

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்விகளும் உண்டு. இரவில் பிள்ளை யாருடன் உறங்கும்? வேறு யார் உடன் வருகிறார்கள்? காய்ச்சல் வந்தால் முதலில் யாரை அழைப்பீர்கள்? உறவினரிடம் இவற்றைக் கேட்பது அவமதிப்பாகாது. முனிவரிடமே கேட்டார் தசரதர். அழைத்துச் செல்பவரும் இக்கேள்விகளை முகம் சுளிக்காமல் வரவேற்க வேண்டும். வழியில் திட்டம் மாறினால், பெற்றோரை அழைத்துப் பேசி மீண்டும் இசைவு பெற வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையையும் கேளுங்கள். "போக விருப்பமா? அங்கு மனம் ஒப்பாவிட்டால் எந்த நேரமும் எங்களை அழைக்கலாம்" என்று சொல்லி, பெற்றோரின் எண்ணை மனப்பாடம் செய்வியுங்கள்.

திரும்பி வந்ததும் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுச் சென்றுவிடாமல், வீட்டினுள் வந்து தாயிடம் கையோடு ஒப்படையுங்கள். பெற்றோர் உங்களை நம்பித் தந்த பொறுப்பு அப்போதுதான் நிறைவுறுகிறது.