உங்களுக்குத் தெரியுமா? இத்தாலிய வினைச்சொல்லும் ஏலாக்குறிச்சியும்

● அரியலூர் மாவட்டத்தில் திருமானூர்ப் பக்கம் இருக்கும் ஏலாக்குறிச்சி, அடைக்கல மாதா கோவிலால் பேர் பெற்ற ஊர். அதைத் திருக்காவலூர் என்று அழைத்து, ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடியவர் வீரமாமுனிவர். வட இத்தாலியில் மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் தேதி பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கிதான் அவர். 1710-இல் கோவாவில் கப்பல் இறங்கியபோது வயது முப்பதைத் தொடும் நேரம். அந்த வயதுக்குப் பிறகு தமிழ் கற்றவர், 1726-இல் 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’, 1730-இல் ‘தொன்னூல் விளக்கம்’, 1732-இல் ‘சதுரகராதி’ என்று அடுத்தடுத்துக் கொடுத்தார். இத்தாலியிலிருந்து தமிழுக்கு அவர் நடந்த வழியில் எதிர்த்திசையில் நாமும் நடந்து பார்க்கலாம். தமிழ் தெரிந்தவருக்கு இத்தாலிய வினைச்சொல் மிரட்டக்கூடிய விஷயமே அல்ல.

● மிரட்டுவது எண்ணிக்கைதான். இத்தாலிய இலக்கணம் ஒரு வினையை 7 பாங்குகளாகப் பிரிக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லும் பாங்கில் மட்டும் 8 காலங்கள். ஐயம், விருப்பம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும் ‘கொன்ஜுந்தீவோ’வில் 4, ‘செய்திருப்பேனே’ வகைக்கு 2, ஏவலுக்கு 1, ஆள் அடையாளம் ஏறாத எச்ச வடிவங்கள் மூன்றிலும் இரண்டிரண்டாக 6. கூட்டினால் 21. பாடநூலின் கடைசிப் பக்கங்களில் இந்த அட்டவணையைப் பார்த்துப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வருவது பாதிக் காரணம். ஆங்கிலத்தில் இல்லாத பல வசதிகள் தமிழிலும் இத்தாலியத்திலும் பொதுவாக இருக்கின்றன.

● ‘நான்’ என்று சொல்லாமலே ‘பேசுகிறேன்’ என்றால் பேசுபவர் யாரென்று தெரிந்துவிடும். இத்தாலியத்திலும் அப்படியே. பார்லோ: பேசுகிறேன். பார்லி: பேசுகிறாய். பார்லியாமோ: பேசுகிறோம். விகுதியே ஆளைக் காட்டுவதால் எழுவாயை விட்டுவிடுவதுதான் அங்கேயும் இயல்பு. ஆங்கிலம் வழியே கற்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘இயோ, இயோ’ என்று ‘நான்’ போட்டுக்கொண்டே போவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

● பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கடிகாரம் இல்லாத ஒருவரிடம் நேரம் கேட்டால், வெயிலைப் பார்த்து “மணி மூணு இருக்கும்” என்பார். ‘இருக்கும்’ வடிவத்தில் எதிர்காலம், பொருளில் ஊகம். இத்தாலியரும் அச்சு மாறாமல் இதையே செய்கிறார். ‘சரான்னோ லே த்ரே’ என்பார். ‘இரு’ என்னும் வினையின் எதிர்கால வடிவம், பொருள் ‘மூன்று மணி இருக்கும்’. ஒருவர் வந்து சேர்ந்திருப்பார் என்று ஊகித்தால் ‘சரா அர்ரிவாத்தோ’. நம்முடைய ‘வந்திருப்பார்’ போலவே எச்சத்தோடு எதிர்காலத் துணைவினை. இத்தாலியப் பாடநூல்கள் இதைத் தனிப் பாடமாக வைத்து விளக்குகின்றன. தமிழர் கற்க வேண்டியது இதில் ஒலி மட்டுமே.

● நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாகக் கிறு, கின்று, ஆநின்று என்னும் மூன்றைச் சொல்கிறது. முதல் இரண்டும் இன்றும் புழங்குகின்றன. மூன்றாவது ‘உண்ணாநின்றான்’ போன்ற பழைய வடிவங்களோடு நின்றுபோனது. அதற்குள் ‘நில்’ என்னும் வினை தெரிகிறதா? உண்ணும் செயலில் நிற்கிறான், அதாவது உண்டுகொண்டிருக்கிறான். இத்தாலியத்தில் ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஸ்தோ பார்லாந்தோ’ என்பார்கள். ‘ஸ்தோ’வின் மூலவினை ‘ஸ்தாரே’. இலத்தீனில் அதன் பொருள் நிற்றல். உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்ட ஒரே உடலசைவைப் பிடித்துக்கொண்டன. நிற்பவன் இன்னும் அங்கிருந்து போகவில்லை. செயலும் இன்னும் முடியவில்லை. மொழியியலில் எனக்கு மிகப் பிடித்த ஒற்றுமைகளில் ஒன்று இது.

● ‘அமைச்சர் நாளை அரியலூர் வர உள்ளார்.’ செய்தித்தாளில் அடிக்கடி படிக்கும் வாக்கியம். இத்தாலிய எதிர்காலமும் இந்தச் சூத்திரத்தில் பிறந்ததுதான். இலத்தீனின் பழைய எதிர்கால வடிவங்கள் பேச்சில் தேய்ந்தபோது, மக்கள் ‘பேச’ என்னும் எச்சத்தோடு ‘உடையேன்’ என்பதைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டும் ஒட்டிப்போய் ‘பார்லெரோ’, அதாவது ‘பேசுவேன்’ என்று ஒரே சொல் ஆனது. கடைசியில் அழுத்தி ஒலிக்கும் ‘ரோ’வுக்குள் அந்த ‘உடையேன்’ இன்னும் இருக்கிறது.

● ‘வந்தேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இத்தாலியத்தில் ஆண் ‘ஸோனோ வெனூத்தோ’ என்பார், பெண் ‘ஸோனோ வெனூத்தா’ என்பார். ஆண்பால், பெண்பால் வேறுபாட்டைப் படர்க்கையில் மட்டும் காட்டிப் பழகிய நாம், இங்கே தன்மையிலும் கவனமாக இருக்க வேண்டும்.

● “அப்பல்லாம் தாத்தா ராத்திரி கதை சொல்லுவாரு.” தாத்தா மறைந்து பல வருடம் ஆகியிருக்கலாம், வினை மட்டும் எதிர்காலத்தில் நிற்கிறது. பழகிய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைக் கடன் வாங்குகிறோம். இத்தாலியரிடம் இதற்கென்றே ‘இம்பெர்ஃபெத்தோ’ என்று தனி இறந்தகாலம் உண்டு. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு வேறு வடிவம். எது எங்கே வரும் என்று தெரியாமல் பலரும் தடுமாறும் இடம் இது. ‘சொல்லுவார்’ வருகிற இடத்தில் இம்பெர்ஃபெத்தோ, ‘சொன்னார்’ வருகிற இடத்தில் மற்றது என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். அங்கே குழந்தைகள் விளையாட்டில் “நான்தான் ராஜாவாம், நீ திருடனாம்” என்று வேடம் பிரிப்பதும் இந்தக் காலத்தில்தான். நாம் ‘ஆம்’ ஒட்டுகிறோம், அவர்கள் காலத்தை மாற்றுகிறார்கள்.

● மரியாதைக்கு நாம் பன்மையை எடுக்கிறோம்: நீங்கள் வாருங்கள். இத்தாலியர் படர்க்கைப் பெண்பால் ஒருமையை எடுக்கிறார்கள். எதிரில் இருப்பவர் மீசை வைத்த பெரியவராக இருந்தாலும் ‘லெய்’, அதாவது ‘அவள்’. ‘தங்கள் சமூகம்’ என்பது போன்ற பழைய மரியாதைச் சொற்கள் அந்த மொழியில் பெண்பாலாக இருந்ததன் தொடர்ச்சி இது. முசோலினியின் ஆட்சி 1938-இல் இந்த ‘லெய்’யை விலக்கி, ‘வோய்’ என்னும் பன்மையையே பயன்படுத்தச் சொன்னது. ஆட்சி வீழ்ந்தது, ‘லெய்’ பிழைத்துக்கொண்டது.

● கொன்ஜுந்தீவோவில்தான் உண்மையான உழைப்பு தேவை. ‘அவன் வருகிறான் என்று எனக்குத் தெரியும்’, ‘அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்’ இரண்டிலும் நமக்கு ‘வருகிறான்’ ஒன்றுதான். இத்தாலியத்தில் முதலாவது ‘வியேனே’, இரண்டாவது ‘வேங்கா’. நினைப்பு, நம்பிக்கை, பயம் என்று வந்ததும் வினை உருமாறிவிடும். தமிழ் இங்கே துணைக்கு வராது, ஒரே ஒரு மூலையைத் தவிர. ‘வாழ்க!’ என்னும் வியங்கோளுக்கு அவர்கள் சொல்லும் ‘வீவா!’ கொன்ஜுந்தீவோவில் அமைந்த வினைதான்.

● எதிர்மறைக்கு இத்தாலியம் ‘நோன்’ என்ற ஒரே சொல்லை வினைக்கு முன்னால் வைத்து முடித்துக்கொள்கிறது. செய்யேன், செய்யவில்லை, செய்யமாட்டேன், செய்யாதே என்று தமிழில் நாலு வாசல். இந்த இடத்தில் பாவம் வீரமாமுனிவர்தான்.

● இத்தாலியத்தில் வெறும் ‘எ’ என்று எழுதினால் ‘உம்’ என்னும் இணைப்புச் சொல். அதன் தலையில் ஒரு சிறு கோடு இட்டால் ‘ஆகும், இருக்கிறது’ என்னும் வினை. தமிழில் குறில் எ, ஒ ஆகியவற்றுக்குப் புள்ளி வைப்பதே பழைய முறை. ஓலையில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டதால், குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவமும் இரட்டைக் கொம்பும் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். மெய் என்பது பெயர். கொம்பைச் சுழித்தால் மேய், மாடு மேய்கிற வினை. ஒரு கோட்டில் சொல்லின் இனமே மாறுவது இத்தாலியத்தில் எழுதப் படித்த ஒருவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

● அவர் தமிழ் வினைகளை இரண்டு விதமாக விளக்கினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழருக்காக எழுதிய ‘தொன்னூல் விளக்கம்’ எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று நம் ஐந்திலக்கண மரபில் நடக்கிறது. ஐரோப்பியப் பாதிரிமாருக்காக இலத்தீனில் எழுதியவை வேறு. பேச்சுத் தமிழுக்கு, அதாவது கொடுந்தமிழுக்கு, ஒரு நூல். செந்தமிழுக்கு ஒரு நூல். எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்று உணர்ந்து இரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் செய்த அந்த நேர்மையைத்தான் அவருடைய பெரிய கொடையாக நான் நினைக்கிறேன். 1728-இல் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள், சமயத்தில் அவர் எதிர்த்து எழுதிய லுத்தரன் மிஷனரிகள்! மதச் சண்டை ஒரு பக்கம் நடக்க, வினைச்சொல் இரண்டு தரப்புக்கும் வேண்டியிருந்தது.

● இந்தப் பேச்சு, எழுத்துப் பிளவு இத்தாலியத்திலும் உண்டு. ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்னும் இறந்தகாலம் கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் நிறைந்திருக்கிறது. வீரமாமுனிவர் பிறந்த லொம்பார்தியா உள்ளிட்ட வடபகுதியில் இன்று பேச்சில் அது கிட்டத்தட்ட இல்லை. சிசிலிக்குப் போனால் இன்று காலையில் நடந்ததைக்கூட அதில்தான் சொல்வார்கள்.

● ஏலாக்குறிச்சியிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ இத்தாலியம் கற்கப் போகிறவர் 21-ஐயும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிகழ்காலம், ‘பேசியிருக்கிறேன்’ வடிவில் அமைந்த பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ, இம்பெர்ஃபெத்தோ ஆகிய மூன்றும் கைவந்தால் கடைக்குப் போகலாம், பஸ் கேட்கலாம், ஊர்க்கதை பேசலாம். ரெமோத்தோவைக் கதைப் புத்தகம் கையில் எடுக்கும் நாளுக்கு ஒத்திவைக்கலாம். அப்போது ஒரு குறிப்பு உதவும்: முரண்டு பிடிக்கும் வினைகள் பெரும்பாலும் நான், அவன், அவர்கள் என்ற மூன்று இடங்களில் மட்டுமே உருமாறும், நீ, நாம், நீங்கள் மூன்றும் ஒழுங்காகவே வரும்.