ஊஞ்சல் யாருக்குச் சொந்தம்?

மேலப்பாளையம், பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள புதிய நகர்களில், ஊஞ்சலுக்காகப் பிள்ளைகள் போடும் சண்டை பெரியவர்களின் பகையாகிறது. "அடுத்த தெருப் பிள்ளைகள் வரக்கூடாது" என்று பூங்காவைப் பூட்டவும் செய்கிறார்கள்.

முதலில், இடம் யாருடையது என்று பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீத இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குச் சேரவேண்டும். அப்படிச் சேர்ந்த பூங்கா பொது இடம். அதைப் பூட்டச் சங்கத்துக்கு உரிமையில்லை. சறுக்கு உடைந்திருந்தால் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ மனுக் கொடுக்கலாம்.

அடுக்குமாடி வளாகத்தின் ஊஞ்சல் அங்குள்ள எல்லா வீட்டாருக்கும் பொது. விளையாடும் நேரத்தைப் பொதுக்குழுவில் பேசி, எழுதி ஒட்டிவிடலாம்.

பிள்ளைகள் மறுநாளே கூடிவிடுவார்கள். நாம்தான் வருடக்கணக்கில் ஸலாம் சொல்லாமல் கடந்து போகிறோம்.