விற்றுப் பெற்ற முத்து

இயேசுபிரான் அருளிய உவமைகளுள் இரண்டு மிகச் சிறியன. நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்ட ஒருவன், தனக்குள்ள யாவற்றையும் மகிழ்ச்சியோடு விற்று அந்நிலத்தை வாங்கினான் என்பது ஒன்று. விலைமதிப்பற்ற முத்தொன்றைக் கண்ட வணிகன், தன் உடைமையெல்லாம் விற்று அதனைப் பெற்றான் என்பது மற்றொன்று. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இவை அடுத்தடுத்து வருகின்றன. முத்துக்குளிப்புக்குப் பேர்போன மன்னார்க் கரையை அடுத்து வாழும் வன்னி மக்களுக்கு இவ்வுவமைகளின் உரை ஏட்டில் மட்டும் இல்லை, காட்டிலும் உண்டு.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார், தாம் வணங்கிய அன்னையின் திருவுருவத்தை ஏந்திக்கொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்கள் தஞ்சமடைந்த மருதமடுவே இன்றைய மடுத் திருப்பதி. ஓடுகின்ற வேளையில் ஒருவன் கை எதனை எடுக்கின்றதோ, அதுவே அவன் செல்வம்!

குருமாரின்றித் தவித்த அம்மக்களைத் தேடி, 1687இல் கோவையிலிருந்து அன்று, கோவாவிலிருந்து வந்தார் யோசேப் வாஸ் முனிவர். இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் புகுந்தார், தமிழில் போதித்தார், வன்னியிலும் நடந்து திரிந்தார். கண்டியிலே ஒற்றர் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார். 1697இல் அங்கு அம்மைநோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாற் பேணினார். 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்தார், தாயகம் திரும்பவேயில்லை. 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்து வணங்கினார்.

விற்பது வேறு, பறிகொடுப்பது வேறு. 2008ஆம் ஆண்டுப் போரில் மடு அன்னையின் திருவுருவம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து மீண்டது. 2009இல் வன்னி மக்கள் வீடும் வயலும் உற்றாரும் இழந்தனர். அவ்விழப்பைத் துறவு என்று புகழ்தல் கொடுமையாகும். அவர்கள் மனமுவந்து விற்றவர்கள் அல்லர். அதற்கு நீதி கேட்பதும் பக்திக்கு மாறானதன்று.

ஆயினும் ஒன்று கூறுவேன். நாம் பெரும்பாலும் ஆலயத்துக்குச் செல்வது வேறு புதையல்களைக் கேட்டே. பிள்ளைக்கு உத்தியோகம், பெண்ணுக்கு மணம், கடலுக்கு அப்பால் ஒரு வாழ்வு! கேட்பது குற்றமன்று, குழந்தை தாயிடம் கேளாது யாரிடம் கேட்கும்? ஆனால், பொருளைப் பெறுவதற்கு இறைவனைத் துணையாகக் கொள்வது நேர்த்தி. இறைவனையே பெறும்பொருளாகக் கொள்வது பக்தி. பெரியபுராணத்து அடியார்களை அறிந்த தமிழ் நெஞ்சத்துக்கு இவ்வேறுபாடு புதியதன்று.

உவமையில் வந்தவன் அழுதுகொண்டு விற்கவில்லை, மகிழ்ந்து விற்றான். இழந்ததை அவன் எண்ணிப் பார்க்கவுமில்லை, கண்டது அத்துணைப் பெரிதாதலின். நம் பக்தி முழுமையானதா என்பதை அறிய, எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கிட வேண்டியதில்லை. கொடுத்தபோது மகிழ்ந்தோமா என்று கேட்டாற் போதும்.