கடவுச்சொல் கடைக்காரரிடம் இருக்கிறது

இலங்கையில் 5 வயதுப் பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் கணினியில் விளையாடினால், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை கணினி அறிவு உள்ளவர். திணைக்களம் தன் அறிக்கையிலேயே தரும் உதாரணம் இது. கணினியோ ஸ்மார்ட்போனோ, ஏதாவது ஒன்றைத் தானாகக் கையாளத் தெரிந்தால் டிஜிட்டல் அறிவு உள்ளவர். இவ்வளவு தாராளமாக அளந்தும் 2021இல் 5 முதல் 69 வயது வரையானவர்களில் கணினி அறிவு 34.3 வீதம், டிஜிட்டல் அறிவு 57.2 வீதம். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தால் தோட்டம்தான் கடைசி.

போனைத் திறக்கத் தெரிந்தவரையும் அதைப் பாதுகாக்கத் தெரிந்தவரையும் இந்தக் கணக்கு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்புக்குப் போனது. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் வந்தது. 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியது. மேன்முறையீட்டை ஒன்லைனிலும் செய்யலாம் என்றார்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கட்டணங்களைப் போனிலேயே செலுத்த கவ்பே தொடங்கப்பட்டது. ஐந்தே வருடங்களில் படிப்பும் நிவாரணமும் பணமும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் போய்விட்டன. அதைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் வேலை மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ-5 வீதியில் இருக்கிறது புசல்லாவை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து டவுனுக்கு வருகிறவர்களுக்குப் போன் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் கொமியுனிகேஷன் கடைதான் கதி. ரீலோட், போட்டோ கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். “தம்பி, இதுக்கு எல்லாத்தையும் போட்டுத் தாங்க” என்று ஓர் அம்மா புதுப் போனை நீட்டுவார். தம்பி ஜிமெயில் திறப்பார். கடவுச்சொல்லை அவரே போடுவார், அநேகமாக அம்மாவின் பெயரும் பிறந்த வருடமும். கணக்கை மீட்பதற்கான இலக்கம் கேட்டால், அவசரத்துக்குக் கடை இலக்கத்தைத் தட்டுவார். வரிசையில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள்; அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கு அம்மாவுடையது அல்ல. போன் தண்ணீரில் விழுந்தால், புதுப் போனில் கணக்கைத் திறக்க அம்மாவுக்குத் தெரியாது. தம்பி அதற்குள் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார். வெளிநாட்டில் இருக்கும் மகளின் இலக்கம், பேரப்பிள்ளையின் படங்கள், விண்ணப்பத்துக்கு எடுத்த பிறப்புச் சான்றிதழின் படம், எல்லாம் போனது போனதுதான். இதைவிட மோசமானது, தம்பியின் இடத்தில் நேர்மை இல்லாத ஒருவர் இருப்பது.

மோசடிக்காரன் கடைக்குக்கூட வர வேண்டியதில்லை. தன் போனில் வட்ஸ்அப்பைப் பதிந்து உங்கள் இலக்கத்தைக் கொடுப்பான். உறுதிப்படுத்தும் ஆறு இலக்கக் குறியீடு உங்கள் போனுக்கு வரும். “தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள்” என்று கேட்பான், பல வேளை ஏற்கெனவே பறித்த உறவினர் ஒருவரின் கணக்கிலிருந்தே. அனுப்பியதும் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். அடுத்ததாக உங்கள் பெயரில் மச்சானிடமும் சித்தியிடமும் அவசரமாகப் பணம் கேட்பான். இந்த மோசடிக்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. வரும் குறியீட்டை யாருக்கும் சொல்லக்கூடாது என்று தெரியாத ஒருவர் போதும்.

சாதாரண மக்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா, கருவியைச் செய்பவர்கள் அல்லவா பாதுகாப்பாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. பாதி சரி. செயலியைத் தமிழில் தருவதும், வங்கி அனுப்பும் எச்சரிக்கை தோட்டத்து மனிதருக்குப் புரியும்படி இருப்பதும் அவர்கள் கடமை. ஆனால் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பு, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த நாட்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. சம்பளம் வாங்கும் நிபுணர்களின் பொறுப்பில் இருந்த இடத்திலேயே, இன்னொரு பிரதி வைத்துக்கொள் என்ற முதல் பாடம் தவறியிருக்கிறது.

ஆகவே எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பெரிய படிப்பு தேவையில்லை. தன் கடவுச்சொல்லைத் தானே போடுவது, மீட்பு இலக்கமாகத் தன் வீட்டு ஆளின் இலக்கத்தைக் கொடுப்பது, குறியீட்டை வாய் திறந்து சொல்லாதது, பொதி வந்திருக்கிறது என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் லிங்க்கைத் தொடுமுன் தளத்தின் பெயர் ‘கவ் டொட் எல்கே’ என்று முடிகிறதா எனப் பார்ப்பது, முக்கிய படங்களுக்கு இரண்டாவது பிரதி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பழகிவிடலாம்.

கற்பிக்க ஆள் இல்லாத நாடும் அல்ல இது. கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுபோன நெனசல நிலையங்களுக்காக 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருது இலங்கைக்குக் கிடைத்தது. அந்த அக்கறை இன்று போனுக்குத் தேவை, அதுவும் தமிழில், லயத்துக்கு அருகில். மாதாமாதம் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்கு ஒரு வகுப்பாவது நடத்தலாம். மேல் வகுப்பு மாணவர்களைக் கொண்டு பாடசாலைகளும் நடத்தலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்காருங்கள். வட்ஸ்அப் அமைப்புகளில் ‘கணக்கு’ என்பதற்குள் இருக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை அவரையே திறக்கச் சொல்லுங்கள். அதற்கான ஆறு இலக்க இரகசிய எண்ணை அவரே தெரிவு செய்யட்டும். நீங்கள் பார்க்க வேண்டாம். பணம் பறிபோனால் முதலில் வங்கியை அழையுங்கள். கணக்குப் பறிபோனால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101.